பரிசல் தோலும் வயிற்று வலையும்

ஒகேனக்கல் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசலை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வட்டமாக வளைத்த ஒரு பெரிய கூடை அது. பின்னலின் வெளிப்புறத்தில் ஒரு போர்வை, அதன்மேல் தார்ப்பூச்சு. ஏறி உட்காரும் ஆட்களின் பாரத்தையும் பாறையில் இடிபடும் அதிர்ச்சியையும் பின்னல் வாங்கிக்கொள்ளும். தண்ணீரைத் தடுப்பது போர்வையின் வேலை. இப்போது அந்தப் போர்வை பெரும்பாலும் பிளாஸ்டிக். முன்பெல்லாம் மாட்டுத் தோலைத்தான் போர்த்தினார்கள். தோல் ஊறும், கனக்கும், காயப்போடாவிட்டால் அழுகும். மலிவான பிளாஸ்டிக் வந்ததும் காவிரிப் பரிசல்காரர்கள் தோலைக் கைவிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மனித வயிற்றில் விழும் ஓட்டையை அடைக்கும் மருத்துவர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். அவர்களும் தசைநாரிலும் தோலிலும் தொடங்கி பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஆனால் 1990களின் கடைசியில் அவர்களில் ஒரு சாரார் மறுபடியும் தோலின் பக்கம் திரும்பினார்கள். பன்றித் தோல், கன்றுத் தோல், இறந்துபோன மனிதர் தானமாகத் தந்த தோல். இவற்றைக் கழுவிச் சுத்தம்செய்து, குடலிறக்கம் வந்தவரின் வயிற்றுச் சுவரில் வைத்துத் தைத்தார்கள். உயிரியல் வலை என்று அதற்குப் பெயர். பரிசல்காரர் கைவிட்டதை அறுவை மருத்துவர் ஏன் எடுத்தார்? எடுத்தது பலித்ததா?

சுவரில் விழும் ஓட்டை

பாலக்கோடு தக்காளி மண்டியில் கிரேடு தூக்குகிறவர், அரூர் பக்கம் மரவள்ளி மூட்டை ஏற்றுகிறவர், பல வருடங்களாக பீடியும் இருமலுமாக வாழும் பெரியவர், முக்கி முக்கி மலம் கழிப்பவர், புராஸ்டேட் வீங்கி சிறுநீருக்குத் திணறுபவர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று, வயிற்றுக்குள் எழும் அழுத்தம். சும்மா நிற்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம். ஆரோக்கியமான இளம் வயதினரிடம் அளந்து பார்த்ததில், பலமாக இருமும்போது அது 100ஐத் தாண்டியது. குதிக்கும்போது 170ஐத் தொட்டது. கையில் பட்டை கட்டி எடுக்கும் ரத்த அழுத்தம் 120 என்றால் சரியான அளவு என்கிறோமே, அதே அலகில்தான் இதுவும்.

இந்த அழுத்தத்தை வயிற்றின் தசைகளும் அவற்றைப் போர்த்தியிருக்கும் வெள்ளை நார்ப்படலமும் சேர்ந்து தாங்குகின்றன. ஆனால் ஆண்களுக்கு அந்தச் சுவரில் பிறவியிலேயே ஒரு பலவீனமான இடம் உண்டு. கருவில் விதைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. ஏழாம் மாத வாக்கில் அவை தொடையிடுக்கின் வழியாகக் கீழே இறங்கி விதைப்பைக்குள் போய்ச் சேர்கின்றன. அவை இறங்கிய பாதை பிறகு மூடிக்கொள்கிறது, முழுதாக இல்லை. வாழ்நாளில் ஏறத்தாழ நான்கு ஆண்களில் ஒருவருக்குத் தொடையிடுக்குக் குடலிறக்கம் வர வாய்ப்புண்டு. பெண்களுக்கு நூற்றில் மூவருக்குத்தான். அதேசமயம் சிசேரியன் செய்த தழும்பின் வழியாகவும், வேறு வயிற்று ஆபரேஷன் தழும்பின் வழியாகவும் குடல் பிதுங்குவது பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது.

ஓட்டை விழுந்தபின் குடலோ கொழுப்போ அதன் வழியாக வெளியே தலைகாட்டும். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். "குடல் எறங்கிடுச்சு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பல வருடங்களை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே தள்ளினாலும் போகாமல் வீக்கம் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் வந்தால் குடல் நெரிபடுகிறது என்று பொருள். அதற்குமேல் வீட்டில் ஒரு மணி நேரம்கூட இருக்கக்கூடாது.

மருந்தால் இந்த ஓட்டை மூடாது. தையல்தான் வழி. 1880களில் இத்தாலியைச் சேர்ந்த எதுவார்தோ பசீனி, தொடையிடுக்கின் தசை அடுக்குகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நூறு வருடங்களுக்குத் தொடையிடுக்கு அறுவையின் இலக்கணம் அதுதான். ஆனால் இழுத்துக் கட்டிய தையலில் இழுவிசை இருக்கும். இறுக்கமான சட்டையின் பொத்தான் துளைபோல நாளடைவில் அந்த இடம் கிழியும், இறக்கம் திரும்ப வரும். தசைநாருக்கு ஈடான உறுதியுள்ள ஒரு திசுவைச் செயற்கையாகச் செய்ய முடிந்தால் குடலிறக்கத்தை நிரந்தரமாகத் தீர்க்கும் ரகசியம் கைக்கு வந்துவிடும் என்று வியன்னாவின் பெரும் அறுவை மருத்துவர் பில்ரோத், பசீனிக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்.

கங்காருவும் கொசுவலையும்

பில்ரோத்தின் ஆசையை நிறைவேற்ற மருத்துவர்கள் எதையெல்லாம் முயன்றார்கள் என்ற பட்டியலே சுவாரசியமானது. பாஸ்டனில் ஹென்றி மார்சி கங்காருவின் தசைநாணை நூலாக்கி ஓட்டையைத் தைத்தார். ஜெர்மனியில் வெள்ளிக் கம்பியை வலைபோலப் பின்னி வைத்தார்கள். வெள்ளி உடைந்தது, குத்தியது. 1921இல் டொராண்டோவின் காலியும் லெமெஸூரியரும் நோயாளியின் தொடையிலிருந்தே நார்ப்பட்டையை உரித்து, அதையே நூலாக்கித் தைத்தார்கள். அதற்கு முன்பே ஜெர்மனியில் நோயாளியின் தோலையே மடித்து உள்ளே வைத்தும் பார்த்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் உயிரியல் வலை என்பது நூறு வயதான யோசனை.

1958இல் அமெரிக்காவின் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் நூலில் பின்னிய வலையைப் பயன்படுத்தியதும் ஆட்டம் மாறியது. முதலில் பாலிஎத்திலீன், சில வருடங்களில் பாலிப்ரொப்பிலீன். சிமென்ட் சாக்கு நெய்கிறார்களே, அதே பாலிப்ரொப்பிலீன்தான். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டென்ஸ்டைன் தசைகளை இழுக்கவே இல்லை. ஓட்டையின்மேல் வலையை விரித்து, ஓரங்களைத் தைத்துவிட்டார். இழுவிசை இல்லாத அந்தத் தையலில் இறக்கம் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் "மெஷ் வெச்சிருக்காங்க" என்று சொன்னால் பெரும்பாலும் அது இந்தப் பிளாஸ்டிக் வலைதான்.

இந்த வலையின் ரகசியம் நூலைவிட அதன் கண்களில் இருக்கிறது. கண்கள் பெரிதாக இருந்தால் உடலின் செல்கள் உள்ளே நுழைந்து, நூலைச் சுற்றித் தங்கள் சொந்த நாரைப் பின்னிவிடும். சிமென்ட் பூச்சுக்குள் கம்பி புதைவதுபோல வலை தசைக்குள் புதைந்துவிடும். கண்கள் மிகச் சிறிதாக இருந்தால் ஆபத்து. பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மைக்ரான் அளவில்தான். அதை விழுங்க வரும் வெள்ளணு பத்து மைக்ரானுக்கும் மேல். திருடன் நுழையக்கூடிய சந்தில் போலீஸ்காரர் நுழைய முடியாது.

இந்த இயல்பைப் புரிந்துகொண்டால் இந்தியாவில் நடந்த ஒரு துணிச்சலான காரியமும் புரியும். மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் தோண்டாய்ச்சா என்ற சிற்றூர். அங்கே ரவீந்திரநாத் தோங்காங்கர் என்ற அறுவை மருத்துவர், கம்பெனி வலையை வாங்க முடியாத நோயாளிகளுக்கு கொசுவலைத் துணியையே வெட்டிக் கிருமிநீக்கம் செய்து தைத்தார். வேதிப்பொருளும் ஏறத்தாழ அதுதான், கண்ணும் பெரிது. மற்ற மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்து பார்த்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார். சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2016இல் உகாண்டாவில் 302 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு கொசுவலைத் துணியும் இன்னொரு பிரிவுக்கு கம்பெனி வலையும் வைத்துப் பார்த்த ஆய்வு உலகின் முதல்வரிசை மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு வருடத்தில் கொசுவலைப் பிரிவில் ஒருவருக்குத்தான் இறக்கம் திரும்பியது, மற்றதில் யாருக்கும் இல்லை. முதலாவதன் விலை சுமார் 1 டாலர். இரண்டாவது 125 டாலர்.

இவ்வளவு மலிவும் உறுதியும் கைக்கு வந்தபின் தோலுக்குத் திரும்ப என்ன அவசியம் வந்தது?

அழுக்கான களம்

தொடையிடுக்குக் குடலிறக்கம் சுத்தமான ஆபரேஷன். குடலை வெட்டுவதில்லை, கிருமிக்கு வேலை இல்லை. வயிற்றின் நடுவே பெரிய தழும்பு பிளந்து வரும் இறக்கம் வேறு ஜாதி. சிலருக்கு ஏற்கெனவே வைத்த வலையில் சீழ் பிடித்திருக்கும். சிலருக்குக் குடலில் துளை விழுந்து மலம் கசிந்திருக்கும். நெரிபட்டு அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அங்கே பிளாஸ்டிக்கை வைத்தால் என்ன ஆகும்? கிருமிகள் அதன்மேல் பாசிபோல ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உட்காரும். பிளாஸ்டிக்குக்குள் ரத்தம் ஓடாது. ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் போகாது, ஆன்டிபயாட்டிக்கும் போகாது. கடைசியில் வலையையே அறுத்து எடுக்க வேண்டி வரும்.

ரத்தநாளம் முளைக்கக்கூடிய ஒரு வலை இருந்தால்? உடல் அதைத் தன்னுடையதாக ஏற்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அந்த இடத்தில் தன் சொந்தச் சுவரை எழுப்பிக்கொண்டால்? மருத்துவர்கள் தோலை நோக்கிப் போனது இந்தக் கேள்வியோடுதான்.

அதற்கு நம்பிக்கை கொடுத்தது ஒரு நாய். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் படிலாக், ஒரு நாயின் பெருந்தமனியில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அதே நாயின் சிறுகுடல் துண்டை அங்கே தைத்தார். விடிவதற்குள் நாய் செத்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவரை வாலாட்டாத குறையாக நாய் எதிர்கொண்டது. மாதங்கள் கழித்து அந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே குடலைக் காணோம். ரத்தக்குழாய்போன்ற ஒன்று இருந்தது. குடலின் உள்ளடுக்கில் இருக்கும் நார்ப்படலம்தான் இந்த வித்தையைச் செய்தது என்று பிறகு தெரிந்தது. அந்தப் படலத்தைப் பன்றிக் குடலிலிருந்து உரித்து எடுத்து வலையாக்கினார்கள். பன்றித் தோலும் மாட்டின் இதய உறையும் பின்னால் வந்தன.

சென்னையில் அவிழ்ந்த முறுக்கு

தோலுக்குள் அப்படி என்ன இருக்கிறது? கொலாஜன் என்ற புரதம். ஆட்டுக்கால் சூப் ஆறினால் பாத்திரத்தில் கட்டியாக உறைகிறதே, அது கொதித்துக் கலைந்த கொலாஜன். கலையாமல் இருக்கும்போது அது இரும்புக் கம்பிக்குச் சவால் விடும் கயிறு.

அந்தக் கயிறு எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பது 1954இல் சென்னையில்தான் அவிழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் முப்பது வயதைக் கடந்திருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவரோடு வேலைபார்த்த கோபிநாத் கர்த்தாவும், கொலாஜனை எக்ஸ்கதிரில் படம்பிடித்து, மூன்று இழைகள் சேர்ந்த முறுக்கு அது என்று சொன்னார்கள். அவர்களுக்குத் தெளிவான படம் கொடுத்தது கங்காரு வாலின் தசைநாண். மார்சி ஒரு காலத்தில் குடலிறக்கத்தைத் தைக்க நூல் எடுத்த அதே விலங்கு. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது அமினோ அமிலம் தவறாமல் கிளைசின். மிகச் சிறிய அமிலம் என்பதால்தான் மூன்று இழைகள் அவ்வளவு நெருக்கமாகச் சேர முடிகிறது. பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றும் 'ட்ரிபிள் ஹீலிக்ஸ்' என்று பெயர். மூவிழை முறுக்குக்கு ஒரு தோல் நிறுவனம் வைத்த நினைவுச் சின்னம்.

இந்த முறுக்கு பன்றிக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால்தான் விலங்கின் கொலாஜனை நம் உடல் பெரிதாக எதிர்ப்பதில்லை. எதிர்ப்பு செல்களின்மேல்தான். பன்றியின் செல்களில் ஆல்பா-கால் என்ற ஒரு சர்க்கரைக் குறி இருக்கிறது. மனிதரிடம் அது கிடையாது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதே குறியைத் தாங்கியிருப்பதால், அதற்கு எதிரான படை நம் ரத்தத்தில் எப்போதும் தயாராக நிற்கிறது. நம் எதிர்ப்புப் புரதங்களில் நூற்றில் ஒரு பங்கு இந்த ஒரே குறிக்காக ஒதுக்கப்பட்டவை.

ஆகவே உயிரியல் வலை செய்வதென்றால் வீட்டை விட்டுவிட்டு, குடியிருப்பவர்களை மட்டும் வெளியேற்ற வேண்டும். தோலின் மேற்புறத்தையும் ரோமத்தையும் கொழுப்பையும் சீவிவிட்டு, சோப்புபோன்ற வேதிநீரில் ஊறப்போட்டு செல்களை உடைக்கிறார்கள். நொதிகளைக் கொண்டு மரபணு எச்சத்தையும் சர்க்கரைக் குறியையும் அகற்றுகிறார்கள். கழுவி, கிருமிநீக்கம் செய்து பாக்கெட்டில் அடைக்கிறார்கள். மிஞ்சுவது வெள்ளையான, ஈரமான, ரப்பர்போன்ற ஒரு தாள். அதில் உயிர் இல்லை. ஆனால் உயிர் குடியிருந்ததற்கான அத்தனை மேடு பள்ளங்களும் அதில் இருக்கின்றன.

கொத்தனார் மொழியில் சொன்னால் இது சாரம். சவுக்குக் கம்பைக் கட்டி நிறுத்தும் சாரம் சுவர் ஆகாது. சாரத்தில் ஏறி நின்று ஆட்கள் சுவர் எழுப்புவார்கள், எழும்பியபின் அவிழ்த்துவிடலாம். இங்கே ஏறி நிற்பவை நோயாளியின் சொந்தச் செல்கள். முதல் வாரங்களில் வெள்ளணுக்கள் வந்து பழைய நாரைக் கரைக்கின்றன. ரத்தநாளங்கள் துளிர்விட்டு நுழைகின்றன. நார் பின்னும் செல்கள் புதிய கொலாஜனை விடுகின்றன. கரைவதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது முந்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆவாரம்பட்டைத் தர்மசங்கடம்

கரைவது முந்திவிட்டால் சுவர் எழும்புவதற்குள் சாரம் சரிந்துவிடும். இதைத் தடுக்க வலை செய்தவர்கள் பிடித்த வழி, தர்மபுரியின் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடிக்குத் தெரிந்த வழி.

பச்சைத் தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது. தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையால். பட்டையில் இருக்கும் டானின் கொலாஜன் கயிறுகளுக்கு இடையில் புகுந்து அவற்றைக் குறுக்கே பிணைத்துவிடும். பிணைந்த கயிற்றைக் கிருமியின் நொதி வெட்ட முடியாது. சில கம்பெனிகள் பன்றித் தோல் வலையை இதுபோலவே, வேறு வேதிப்பொருளைக் கொண்டு குறுக்கே பிணைத்தன. வலை கரையாமல் நின்றது. ஆனால் கிருமியின் நொதிக்கு எட்டாதது உடலின் சொந்த நொதிக்கும் எட்டவில்லை. செல்கள் உள்ளே நுழையத் திணறின. வலையைச் சுற்றி ஓர் உறை கட்டி, அதை அந்நியமாகவே ஒதுக்கி வைத்தது உடல். ஏறத்தாழ ஒரு செருப்புத் தோலை வயிற்றில் வைத்த கதை. ரத்தம் ஓடாததால் சீழ் பிடித்தால் பிளாஸ்டிக்குக்கு இருந்த அதே தொல்லை இதற்கும் வந்தது.

பிணைக்காமல் விட்டால்? வலை நன்றாக ஏற்கப்பட்டது, அதோடு தொய்ந்தும் போனது. மனிதத் தோல் வலையில் மீள்தன்மையுள்ள நார் அதிகம் என்பதால் அது இழுபட்டு, இறக்கம் திரும்பாமலே வயிறு முன்தள்ளியது. சீழ் நிறைந்த களத்தில் பாக்டீரியாக்கள் விடும் நொதி புதிய நாரோடு சாரத்தையும் சேர்த்துத் தின்றது. பதனிட்டால் உடல் சேர்த்துக்கொள்ளாது, பதனிடாவிட்டால் நிலைக்காது. உயிரியல் வலையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த ஊசலாட்டம்தான்.

தராசில் வைத்தபோது

விலையைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. 2022 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஐந்து மருத்துவ மையங்கள், 253 நோயாளிகள். எல்லோருக்கும் குடல் திறக்கப்பட்ட அல்லது கிருமி கலந்த பெரிய வயிற்று இறக்கம், அதாவது உயிரியல் வலை எதற்காகப் பிறந்ததோ அதே களம். பாதிப்பேருக்குப் பிணைக்காத பன்றித் தோல், பாதிப்பேருக்குச் சாதாரண பாலிப்ரொப்பிலீன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், பன்றித் தோல் வைத்தவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு இறக்கம் திரும்பியிருந்தது. பிளாஸ்டிக் வைத்தவர்களில் 5.6 சதவீதம். சரி, சீழ் பிடிப்பதிலாவது பன்றித் தோல் ஜெயித்ததா? மருத்துவர் கைவைக்க வேண்டிய அளவுக்குப் போன காயச் சிக்கல்களில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நடுவிலை பிளாஸ்டிக்குக்கு 105 டாலர். பன்றித் தோலுக்கு 21,539 டாலர். நம் பணத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேல்.

இதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்திருந்தது. இரைப்பை மார்புக்குள் ஏறிவிடும் உதரவிதான இறக்கத்துக்குப் பன்றிக் குடல் படலத்தை வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் படலம் வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் இறக்கம் திரும்பியது, வைக்காதவர்களில் 24. மகிழ்ச்சியோடு 2006இல் எழுதினார்கள். அதே ஆட்களைச் சுமார் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது 54க்கு 59. வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. சாரம் நின்றவரை சுவர் நின்றது.

ஏன் தோற்றது? வலையில் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. உயிரியல் வலை, சுவர் கட்டும் வேலையை நோயாளியின் செல்களிடமே ஒப்படைக்கிறது. ஆனால் அந்த நோயாளிக்குக் குடலிறக்கம் வந்ததற்கே ஒரு காரணம், அவருடைய செல்கள் கட்டும் நார் சுமாராக இருப்பது. கொலாஜனில் வகைகள் உண்டு. முதல் வகை தடித்த வடம். மூன்றாம் வகை மெல்லிய, இளம் நார். குடலிறக்கம் வந்தவர்களின் திசுவில் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள விகிதம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் சுவரைத் தொய்வாகக் கட்டிய கொத்தனாரிடமே, நல்ல சாரம் கட்டிக் கொடுத்து இரண்டாவது சுவரையும் கட்டச் சொல்கிறோம். பிளாஸ்டிக் வலை அவரை நம்புவதில்லை. அவர் பூசும் பூச்சை வாங்கிக்கொண்டு, பாரத்தைத் தானே கடைசிவரை சுமக்கிறது.

அதற்காக உயிரியல் வலை ஓரங்கட்டப்பட்டுவிடவில்லை. பிளாஸ்டிக்கை அறவே வைக்க முடியாத மோசமான சீழ்க் களத்தில், இப்போதைக்கு வயிற்றை மூடி ஆளைப் பிழைக்கவைக்க அது உதவுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டி. வி. அனில்குமார் குழுவினர் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய கோலிடெர்ம் என்ற படலத்துக்கு 2023இல் இந்திய அனுமதி கிடைத்தது. அது ஆறாத காயங்களுக்கானது, குடலிறக்கத்துக்கு இல்லை. பாரம் சுமக்கத் தேவையில்லாத இடத்தில் சாரத்தின் குணம் முழுதாகப் பயன்படுகிறது. எங்கே வைத்தாலும் ஒன்று மறக்கக்கூடாது. அது பன்றியா, மாடா, மனிதரா என்பதை வைப்பதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். உயிர் காக்கும் அவசியத்தில் விலக்கு உண்டு என்று கருதும் பெரியவர்கள் பல மதங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் விலக்கு எடுப்பதா வேண்டாமா என்பது நோயாளியின் முடிவு.

பட்டுக்கூட்டில் ஒரு நடுவழி

தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு பொருள் உண்டா? மெதுவாகக் கரைய வேண்டும், கரையும்வரை பாரம் தாங்க வேண்டும். அப்படி ஒன்று தர்மபுரி பட்டுக்கூடு ஏல அங்காடியில் தட்டுத் தட்டாகக் குவிந்து கிடக்கிறது.

கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் ஏற்றிவிட்ட பட்டுப்புழு தன்னைச் சுற்றி விடும் ஒற்றை இழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதம், வெளியே செரிசின் என்ற பசை. பட்டு நூலில் தைப்பது அறுவை மருத்துவத்தில் மிகப் பழைய பழக்கம். கரையாத நூல் என்று அதற்குப் பெயர். உண்மையில் ஒரு வருடத்துக்குள் தன் பலத்தைப் பெரும்பாலும் இழந்து, இரண்டு வருட வாக்கில் காணாமலும் போய்விடும். பட்டால் உண்டாகும் ஒவ்வாமைக்குக் காரணம் அந்தப் பசைதான் என்று தெரிந்தபின், பசையைக் கழுவிவிட்டு ஃபைப்ராயின் நூலை மட்டும் பின்னி ஒரு வலை செய்தார்கள். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் கிளைத்த அந்த வலைக்கு 2000களின் இறுதியில் அங்கே அனுமதி கிடைத்தது. நெசவுக்கு முன்பு சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டைக் கொதிக்கவைத்துப் பசை நீக்குகிறார்களே, அடிப்படையில் அதே வேலைதான். இப்போது பாக்டீரியாவை வளர்த்து எடுக்கும் ஒருவகைப் பாலியெஸ்டரிலும் கரையும் வலைகள் வருகின்றன. ஒன்றரை வருடம்வரை தாங்கிவிட்டுக் கரையும். இவை எல்லாம் கேட்பது ஒரே கேள்வியை. கொத்தனாருக்கு எவ்வளவு காலம் கொடுத்தால் அவர் தன் சுவரை முடிப்பார்?

புனேயின் அறுவை மருத்துவர் மோகன் தேசர்டா வேறு பதில் சொன்னார். நோயாளியின் வயிற்றிலிருக்கும் நார்ப்பட்டையில் ஒரு கீற்றை, இரு முனையும் அறுபடாமல் நகர்த்தி ஓட்டையின்மேல் தைப்பது அவர் முறை. ரத்த ஓட்டம் அறாத, காசு செலவில்லாத உயிரியல் வலை அது. ஆனால் தையலின் பலன் மீண்டும் அதே கொத்தனாரின் கையில்தான்.

அந்தக் கொத்தனாருக்கு உதவி செய்ய நம்மால் முடியும். கொலாஜன் முறுக்கு நிலைக்க வைட்டமின் சி வேண்டும். ஸ்கர்வி வந்த பழைய மாலுமிகளுக்குப் பல வருடங்களுக்குமுன் ஆறிய தழும்புகள்கூடத் திரும்பப் பிளந்ததற்குக் காரணம் அந்த வைட்டமின் இல்லாமைதான். பீடி, சிகரெட் புகை நார் கட்டும் வேகத்தைக் குறைக்கும், இருமலையும் கூட்டும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை காயத்தை ஆறவிடாது. ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே பீடியை விடுங்கள், சர்க்கரையைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால் அலைக்கழிக்கிறார் என்று கோபப்பட வேண்டாம். அவர் உங்கள் கொத்தனாரைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அவர் வைக்கப்போவது பாலக்கோட்டுச் சுமைக்காரருக்கும் போதும், அமெரிக்கப் பணக்காரருக்கும் போதும் என்ற அளவிலான பிளாஸ்டிக் வலையாகவே இருக்கலாம். அதையும் கடைசியில் தசைக்குள் புதைத்துப் பிடித்துக்கொள்ளப் போவது உங்கள் சொந்த நார்தான்.

பரிசலின் போர்வை என்றைக்கும் மூங்கிலாக மாறாது. தோலானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஓட்டை விழுந்தால் பரிசல்காரர்தான் ஒட்டுப்போட்டுத் தார் பூச வேண்டும். ஆற்றில் இறக்கும் முன் அவர் கையால் தடவிப் பார்ப்பது அதற்காகத்தான். வயிற்றுச் சுவருக்குள் அந்த வேலையை நம் கொத்தனார் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.